பிடிக்கு வெளியே இருக்கும் எடை

டம்பெல்லைக் கையில் எடுத்தால் அதன் எடை உள்ளங்கையின் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து நிற்கும். எடையின் மையம் பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். கெட்டில்பெல்லின் அமைப்பு வேறு. மேலே வளைந்த கைப்பிடி, கீழே உருண்டையான இரும்புக் குண்டு. பிடித்துத் தொங்கவிட்டால் எடையின் மையம் விரல்களிலிருந்து அரைச் சாணுக்கும் மேலாகத் தள்ளி இருக்கும். பார்வைக்குச் சின்ன வேறுபாடுதான். ஆனால் இந்தக் கருவியால் கிடைக்கும் நன்மைக்கும் நேரும் காயத்துக்கும் வேர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

தள்ளி இருக்கும் எடை ஊசலாடும். ஊஞ்சலில் வேகமாக ஆடியவர்களுக்குத் தெரியும்: பலகை மிகத் தாழ்ந்த இடத்துக்கு வரும் நொடியில் உடம்பு பலகையோடு அழுந்தும், நம் எடையே கூடிவிட்டதுபோல் இருக்கும். கெட்டில்பெல்லை இரு தொடைகளுக்கு நடுவிலிருந்து மார்பு உயரத்துக்கு வீசி, மறுபடி கீழே வரவிடும் ‘ஸ்விங்’ பயிற்சியிலும் நடப்பது இதுவே. கயிற்றில் கட்டிய எடையைக் கிடைமட்டமாக உயர்த்தி விட்டுவிட்டால், அது அடிமட்டத்தைக் கடக்கும்போது கயிற்றை இழுக்கும் விசை அந்த எடையைப்போல் மூன்று மடங்கு. பள்ளிக்கூட இயற்பியல்தான். விழுந்த உயரம் வேகமாக மாறுகிறது. அந்த வேகத்தை வட்டப் பாதையில் திருப்பவே இரண்டு மடங்கு விசை வேண்டும். சும்மா தொங்கும்போது இருந்த ஒரு மடங்கு அதோடு சேர்கிறது. மனிதக் கை கயிறல்ல, தோளும் கூடவே நகர்கிறது, எனவே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 16 கிலோ என்று முத்திரையிட்ட குண்டு, ஸ்விங்கின் அடிப்பகுதியில் 48 கிலோவை ஒட்டிய இழுப்பைத் தரக்கூடும் என்பதை இது காட்டுகிறது. அதுவும் நிமிடத்துக்கு முப்பது, முப்பத்தைந்து முறை.

கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “இது லேசாத்தானே இருக்கு” என்று வாங்கி வந்தவர்கள் சில நாளில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது இதனால்தான். அவர்கள் சோதித்தது அசையாமல் தொங்கும் எடையை. வீட்டில் செய்தது அசையும் எடையோடு.

இந்த வடிவம் உடற்பயிற்சிக்காகப் பிறந்ததில்லை. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல் இது. ‘பூத்’ என்பது அங்கே இருந்த பழைய நிறையளவு. ஒரு பூத் 16.38 கிலோ. இன்றும் 16, 24, 32 கிலோ கெட்டில்பெல்களே முதன்மையாக இருப்பது ஒரு பூத், ஒன்றரை பூத், இரண்டு பூத் என்ற அந்த வழக்கின் மிச்சம். சந்தையில் பலம் காட்டத் தூக்கியது திருவிழாக்களுக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி இதை உடல்நலப் பயிற்சியாகப் பரப்பினார். 1885இல் அவர் தொடங்கிய குழுவைத்தான் ரஷ்யப் பளுதூக்கும் கலையின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். புகழ்பெற்ற மல்லர் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் அவரிடம் பயின்றவர். சோவியத் காலத்தில் இது தனி விளையாட்டாகி, பத்து நிமிடம் குண்டைத் தரையில் வைக்காமல் தூக்கும் போட்டியாக வளர்ந்தது. மின்ஸ்க் நகரில் பிறந்த பாவெல் சத்சூலின் 1990களின் இறுதியில் அதை அமெரிக்காவில் பரப்பினார். அங்கிருந்து ஜிம்களுக்கும் அலைபேசித் திரைகளுக்கும் வந்து சேர்ந்தது.

நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் சுழற்றும் கர்லாக்கட்டையும் இதே குடும்பம்தான். அங்கேயும் எடை பிடிக்கு வெளியே இருக்கிறது. கர்லா சுற்றப் பழகியவர்களுக்கு ஆடும் எடையை மல்லுக்கட்டி நிறுத்தாமல் அதன் போக்கில் வழிநடத்தத் தெரியும். அவர்கள் கெட்டில்பெல்லைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். 16 கிலோ எடையை முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அந்த எடை உங்களை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. கவிழாமல் பின்னுக்கு இழுத்து நிறுத்துவது முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகள். அவற்றுக்கும் முதுகெலும்பு வட்டின் மையத்துக்கும் இடையில் உள்ள தூரம் வெறும் ஐந்தாறு சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்கின்படி, ஒன்பது பத்து மடங்கு விசையோடு இழுத்தால்தான் அந்தத் தசைகளால் ஈடுகொடுக்க முடியும். அதாவது 150 கிலோ அளவுக்கு ஓர் இழுப்பு. அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்பு வட்டுகளின்மேல் அழுத்தமாக இறங்கும். உங்கள் மேலுடம்பின் எடையை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

இவ்வளவையும் கீழ்முதுகின் சிறிய தசைகளிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. உடம்பிலேயே பெரிய தசையான பிட்டத்தசையும், அதன் கீழே தொடையின் பின்புறம் ஓடும் தசைகளும் இருக்கின்றன. இடுப்பு மூட்டை நிமிர்த்துவது அவற்றின் வேலை. இடுப்பு மூட்டு என்று நான் சொல்வது, தொடையெலும்பின் உருண்டை முனை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தியிருக்கும் இடத்தை. வேட்டியும் புடவையும் கட்டும் இடத்தை அல்ல. முதுகெலும்பை அசையாமல் வைத்து, அந்த மூட்டில் மட்டும் மடிந்து நிமிர்ந்தால் எடையை மேலே அனுப்புவது பிட்டமும் தொடையும். முதுகுத் தசைகளுக்கு அசையாமல் இறுகி நிற்கும் வேலை மட்டுமே மிஞ்சும். முதுகை வளைத்துக் குனிந்து வளைத்தே நிமிர்ந்தால், எல்லாப் பாரமும் வட்டுகளின் தலையில். கெட்டில்பெல்லில் பாதுகாப்பு என்று பேசப்படுவதில் பெரும்பங்கு இந்த ஒன்றுதான்: மடிப்பு எந்த இடத்தில் நடக்கிறது?

கனடா நாட்டு முதுகெலும்பு இயக்கவியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. ஏழு ஆண்கள், 16 கிலோ குண்டு. ஸ்விங்கின்போது முதுகுத் தசைகள் தம் உச்சத் திறனில் பாதி அளவுக்கு வேலை செய்தன. பிட்டத் தசைகள் 80 சதவீதம் அளவுக்கு. கீழ்முதுகு வட்டின்மீது விழுந்த அழுத்தம் ஏறத்தாழ 3,200 நியூட்டன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் எச்சரிக்கை வரம்பாக வைத்திருப்பது 3,400 நியூட்டன். அந்த வரம்புக்குக் கீழேதான், ஆனால் வெகு கீழே இல்லை. இன்னொன்றையும் மெக்கில் கவனித்தார். வழக்கமான பளுதூக்கலில் முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று எந்தத் திசையில் நழுவப் பார்க்குமோ, ஸ்விங்கில் அதற்கு எதிர்த்திசையில் விசை விழுகிறது. கெட்டில்பெல்லால் முதுகு வலி போயிற்று என்று சிலர் சொல்வதும், பெரிய எடைகளைச் சாதாரணமாகத் தூக்கும் வேறு சிலருக்கு இந்தச் சின்னக் குண்டு முதுகை நோகடிப்பதும் இதனால் இருக்கலாம் என்பது அவர் கருத்து. எனவே, மற்றவருக்கு ஒத்துக்கொண்டது என்பதை மட்டும் வைத்து உங்கள் முதுகைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

நன்மைகளுக்கும் ஆதாரம் உண்டு. டென்மார்க்கில் 2011இல் வெளியான ஆய்வில் கழுத்து, தோள், முதுகு வலி பரவலாக இருந்த நாற்பது பணியாளர்களை எடுத்துக்கொண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஒரு பாதியினர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம் கெட்டில்பெல் செய்தார்கள். கழுத்து, தோள் வலியும் கீழ்முதுகு வலியும் குறைந்தன. முதுகுத் தசை வலுப்பெற்றது. இதய, நுரையீரல் திறன் மட்டும் குறிப்பிடும்படி கூடவில்லை. எல்லாம் கிடைக்கும் என்று விற்பவர்கள் கடைசி வரியைச் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவில் 59 முதல் 79 வயதுவரை உள்ள, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களுக்குப் பயிற்சியாளர் மேற்பார்வையில் மூன்று மாதம் கெட்டில்பெல் கொடுத்துப் பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய கைப்பிடி வலிமை நன்றாகக் கூடியிருந்தது. முதுமையில் கைப்பிடி வலிமை என்பது புட்டி மூடி திறப்பதோடு நின்றுவிடும் விஷயமல்ல. உடம்பின் மொத்தத் தசை வலிமைக்கும் அது ஓர் அளவுகோல்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் வீடுகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடை நல்லதுதான். ஆனால் தேயும் தசையை நடை மட்டும் மீட்டுத் தராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நடை போன்ற பயிற்சிகளோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஒரு மூலையில் ஒரு சதுர அடி இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒற்றை இரும்புக் குண்டால் இந்தக் குறை தீருமென்றால், அதைச் சரியாகக் கற்றுக்கொள்வது மெனக்கெடத் தகுந்த காரியம்.

ஆனால் சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள், சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள். சர்க்கரை நோயாளிகள் கண்ணின் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும் நிலையில் முக்கித் தூக்கினால் உள்ளே ரத்தம் கசியலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சிலவகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சிக்குப் பிறகு சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து இருக்கிறது.

வாங்கும்போது எடையைவிடக் கைப்பிடியை முதலில் பாருங்கள். விரலால் உள்பக்கம் முழுவதும் தடவிப் பார்த்தால் வார்ப்பின் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். துருத்தினால் வேண்டாம், உள்ளங்கைத் தோலை அது கிழித்துவிடும். இரண்டு கைகளும் நெருக்கமின்றிப் பிடிக்க இடம் வேண்டும். அடிப்பக்கம் தட்டையாக, தரையில் ஆடாமல் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் மணலோ சிமெண்டோ அடைத்து மலிவாக வருபவற்றை வீசும் பயிற்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சும்மா தூக்கி வைக்க அது தாங்கலாம். மூன்று மடங்கு இழுப்பை அந்த ஓடு எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே துண்டாக வார்த்த இரும்பு ஆயுளுக்கும் வரும்.

எடை? பயிற்சிப் பழக்கமே இல்லாத பெண்கள் 6 அல்லது 8 கிலோவில் தொடங்கலாம், ஆண்கள் 12இல். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களுக்கு 8, 16. இரண்டு, மூன்று கிலோ குண்டு பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அதைக் கையாலேயே தூக்கிவிட முடியும் என்பதால் இடுப்பு மூட்டு வேலையே கற்றுக்கொள்ளாது. தோளால் தூக்கும் கெட்ட பழக்கம் படிந்துவிடும். நம் கையின் பலத்தை மீறிய எடைதான் இடுப்பைத் துணைக்கு அழைக்கும்.

வீட்டில் எங்கே செய்வது என்பது அற்பமான கேள்வியல்ல. நம் வீட்டு மின்விசிறி தாழ்வாகத் தொங்குகிறது. கையை உயர்த்தி ஒரு குண்டையும் பிடித்தால் எட்டிவிடும். முதல் சில மாதங்களுக்குத் தலைக்குமேல் எதுவும் வேண்டாம் என்பேன். டைல்ஸ் தரையில் குண்டு நழுவி விழுந்தால் தரை உடையும், மாடிக்குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வருவார். தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் போடுங்கள். ஜமுக்காளமும் யோகா விரிப்பும் வழுக்கும். மொட்டைமாடி நல்ல இடம், தரை ஈரமில்லாமலும் சமமாகவும் இருந்தால். முன்னும் பின்னும் ஆறடி காலியாக இருக்கட்டும். கண்ணாடிக் கதவும் தொலைக்காட்சியும் எதிரே இருக்க வேண்டாம். பயிற்சி நடக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஓடிவரும் குழந்தையை ஸ்விங்கின் நடுவில் இருப்பவரால் பார்க்க முடியாது. பார்த்தாலும் குண்டை நிறுத்த முடியாது.

உடையும் அப்படியே. லுங்கி, நைட்டி, துப்பட்டா எல்லாம் இரு தொடைக்கு நடுவே போகும் குண்டில் சிக்கும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியும் நீளச் சங்கிலியும் குனியும்போது முன்னால் ஆடும். சட்டைக்குள் செருகி ஊக்குக் குத்திக்கொள்வது நல்லது. தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணி இதற்கு ஏற்றதல்ல. அதில் குதிகால் நிலைகொள்ளாது. தட்டையான கேன்வாஸ் காலணியோ வெறுங்காலோ மேல். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் கை வியர்த்து வழியும். பக்கத்தில் துண்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கையையும் பிடியையும் துடையுங்கள். பிடி நழுவுவதுபோல் தோன்றினால் அந்தச் சுற்று அத்தோடு முடிந்தது.

நேரம் பற்றி ஒன்று. நம்மில் பலர் எழுந்த கையோடு பயிற்சியில் இறங்குவதைப் பெருமையாக நினைக்கிறோம். முதுகெலும்பு வட்டுகள் இரவு படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அதனால்தான் காலையில் நாம் சற்று உயரமாக இருக்கிறோம். உப்பிய வட்டு வளைய மறுக்கும். விடிகாலையில் முன்னால் குனியும்போது வட்டுகளுக்கு ஏற்படும் வளைவுத் தகைவு நாளின் பிற்பகுதியைவிடப் பல மடங்கு கூடுதல் என்று 1987இல் ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் அளந்து காட்டினார்கள். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உப்பலில் பாதிக்கு மேல் வடிந்துவிடும். ஆகவே எழுந்ததும் பல்தேய்த்து, தண்ணீர் குடித்து, நடந்து, வீட்டு வேலை நாலு பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் குண்டைத் தொடுங்கள்.

முதல் பாடத்துக்குக் குண்டே வேண்டாம். சுவருக்கு முதுகைக் காட்டி, ஓரடி தள்ளி நில்லுங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு. முழங்காலை இலேசாக மட்டும் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். மேலுடம்பு தானாக முன்னால் சாயும். தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். எளிதாகத் தொட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நில்லுங்கள். அடுத்து ஒட்டடைக் கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டத்தின் மேல்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு ஒட்டியே இருக்க வேண்டும். முதுகு வளைந்தால் ஏதாவது ஓர் இடத்தில் கம்பு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட நேர்மையான ஆசிரியர் வீட்டில் கிடைப்பது அரிது.

நம்மில் பலருக்குக் குத்தவைத்து உட்காரத் தெரியும். தோப்புக்கரணமும் பஸ்கியும் அந்த வகைதான். அதில் முழங்கால் முன்னால் வந்து பிட்டம் கீழே இறங்கும். ஸ்விங்குக்கு வேண்டியது அதுவல்ல. பிட்டம் பின்னால் போகிறது, முழங்கால் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாற்று நடும் பெண்களில் கைதேர்ந்தவர்களைப் பாருங்கள்: முதுகு பலகையாக நீண்டிருக்க, இடுப்பு மூட்டில் மடிந்து நிற்பார்கள். உட்காரும் அசைவோடு இதைக் கலந்துவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை.

கம்பு மூன்று இடத்திலும் ஒட்டி நிற்கப் பழகிய பிறகு டெட்லிஃப்ட். குண்டு இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே இருக்கட்டும், முன்னால் அல்ல. முன்னால் தள்ளும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் நெம்புகோலின் நீளத்தைக் கூட்டுகிறது. மடிந்து, இரண்டு கையாலும் பிடித்து, தோள்களைக் காதிலிருந்து கீழே இறக்கி, தரையைக் காலால் அமுக்கி எழுந்திருங்கள். உச்சியில் பிட்டத்தை இறுக்குங்கள். பின்னால் வளைய வேண்டாம். எழுந்த வழியிலேயே இறக்குங்கள். எட்டு முறை, மூன்று சுற்று. இருபது லிட்டர் தண்ணீர் கேனும் அரிசி மூட்டையும் இதே முறையில் தூக்கத் தொடங்கினீர்களானால் பயிற்சியின் பாதிப் பலன் சமையலறையிலேயே வந்துவிடும்.

இதோடு இன்னும் இரண்டு சேரட்டும். ஒன்று, குண்டை மார்போடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. ‘கோப்ளெட் ஸ்குவாட்’ என்று இதைப் பரப்பியவர் டேன் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர். முன்னால் இருக்கும் எடை ஈடாக நிற்பதால் முதுகை நிமிர்த்தி உட்காருவது எளிதாகிறது; உட்காரவே பயப்படும் முழங்கால்காரர்கள் ஒரு ஸ்டூலைப் பின்னால் போட்டு அதுவரை மட்டும் இறங்கலாம். இன்னொன்று, குண்டை ஒரு கையில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் சாயாமல் கூடத்தின் நீளத்துக்கு நடப்பது. பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். விலாவின் இருபுறத் தசைகளும் அன்று மாலையே தாம் இருப்பதைச் சொல்லிவிடும்.

மூன்று வாரம் இது போதும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒருநாளாவது இடைவெளி. பொறுமையில்லாமல் முதல் நாளே வீசத் தொடங்க வைப்பவை அலைபேசியில் வரும் ‘முப்பது நாள் சவால்’ காணொளிகள். அவற்றில் தெரிபவர்கள் பல வருடம் பயின்றவர்கள். அவர்கள் செய்யும் எண்ணிக்கை அவர்களுடைய உடம்புக்கானது.

பிறகு ஸ்விங். குண்டை உங்களுக்கு ஓரடி முன்னால் வைத்து, மடிந்து, பிடியைப் பற்றி உங்கள் பக்கம் சாயுங்கள். அங்கிருந்து இரு தொடைகளுக்கு நடுவே, தொடையின் மேல்பகுதியை முன்கை உரசும் உயரத்தில், பின்னால் இழுத்துப் போடுங்கள். முழங்காலுக்குக் கீழே குண்டு போனால் முதுகு வளைகிறது என்று பொருள். பின்னால் போய் நின்ற கணத்தில் எழுந்து நில்லுங்கள், விறைப்பாக, பிட்டத்தை இறுக்கி. அவ்வளவுதான். குண்டைக் கை தூக்கக் கூடாது. இடுப்பு தந்த உந்துதலில் அது மார்பு உயரத்துக்கு மிதந்து வரும். கை வெறும் கயிறு. மேலே ஒரு நொடி எடையற்றதுபோல் நிற்கும். அந்த நேரத்தில் நீங்களும் நேராக நில்லுங்கள். கீழே வரத் தொடங்கியதும் அவசரப்பட்டுக் குனியாதீர்கள். முன்கை வயிற்றருகே வந்து சேரும்வரை நின்று, பிறகு மடியுங்கள். சீக்கிரம் குனிந்தால் குண்டு முன்னால் நெடுந்தூரம் தள்ளி நிற்க, நெம்புகோல் முழு நீளத்தில் முதுகை இழுக்கும்.

மூச்சு மேலே வரும்போது ‘ஸ்ஸ்’ என்று வாயால் அழுத்தமாக வெளியேறட்டும். பின்னால் போகும்போது மூக்கால் உள்ளே. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை மெக்டூகல் குழுவினர் 1985இல் தமனிக்குள்ளேயே அளந்தார்கள். உடற்கட்டு வீரர்கள் காலால் பெரும்பளு தள்ளியபோது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. அது ஆரோக்கியமான இளைஞர்கள், மிகப் பெரிய எடை. உங்கள் குண்டு அந்த அளவுக்குக் கொண்டுபோகாது. ஆனால் ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் மூச்சை அடக்குவது தேவையில்லாத சூதாட்டம்.

கற்கும்போது ஐந்து ஐந்தாகச் செய்து நிறுத்துங்கள். பத்து வந்த பிறகு, பத்து முறை வீசி, முழு வாக்கியமாகப் பேச மூச்சு திரும்பும்வரை நடந்து, மறுபடி பத்து. அப்படி ஐந்து சுற்று என்பது நல்ல தொடக்கம். நூறை எட்ட ஒன்றிரண்டு மாதம் ஆகட்டும். இது இதயத்தையும் கடுமையாக வேலை வாங்கும்: 16 கிலோ குண்டை 12 நிமிடத்துக்குள் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை வீசச் சொன்ன 2010ஆம் ஆண்டு ஆய்வில், பங்கேற்ற ஆண்களின் இதயத்துடிப்பு உச்ச அளவில் 87 சதவீதத்தைத் தொட்டது. நிறுத்துவதும் ஒரு பாடம். கடைசி வீச்சைப் பின்னால் போகவிட்டு, முன்னால் வரும்போது நிமிராமல், எடுத்த இடத்திலேயே இறக்கி வையுங்கள். களைப்பில் உடம்பைத் திருப்பி ஓரமாகப் போடும்போதுதான் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பிட்டமும் தொடையின் பின்பக்கமும் வலித்தால் கவலை வேண்டாம், வேலை உரிய இடத்துக்குப் போயிருக்கிறது. கீழ்முதுகு மட்டும் வலித்தால் சுவருக்கும் ஒட்டடைக் கம்புக்கும் திரும்புங்கள். பக்கவாட்டிலிருந்து அலைபேசியில் படம் பிடித்துப் பார்த்தால் எங்கே வளைகிறது என்று தெரியும். காலுக்குள் மின்னல்போல் இறங்கும் வலி, மரத்துப்போதல், மார்பில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அப்போதே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். அளவு மீறிச் செய்த ஓரிரு நாளில் தசை வீங்கி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் இன்னும் அவசரம். சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும், அன்றே மருத்துவமனை.

எடை கூட்டும் நாள் வரும். கடையில் 12க்கு அடுத்தது பெரும்பாலும் 16. நான்கு கிலோதானே என்று நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அடிப்பகுதியில் அது பன்னிரண்டு கிலோ அதிகமாக இழுக்கும். புதுக் குண்டு வந்த வாரத்தில் டெட்லிஃப்டும் நடையும் மட்டும் அதில் செய்யுங்கள். ஸ்விங் பழைய குண்டிலேயே தொடரட்டும். அடுத்த வாரம் முதல் சுற்றை மட்டும் புதியதில், ஐந்தே ஐந்து. எஞ்சியதைப் பழையதில்.